மோமிஜியைத் தின்றது கொலையா?

1948ஆம் ஆண்டின் இறுதியில் ஒசாகாவில் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வெளிவந்தது. எழுதி வரைந்தவர் ஒசாமு தெசூகா, அப்போது இருபது வயது மருத்துவ மாணவர். ஆர்தர் கோனன் டாயில் 1912இல் எழுதிய ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ நாவலின் தலைப்பை அப்படியே தன் புத்தகத்துக்கும் சூட்டியிருந்தார். பூமியை நெருங்கிவரும் ஒரு கோளை நோக்கி ராக்கெட்டில் ஒரு கூட்டம் புறப்படுகிறது. அதில் அயாமே, மோமிஜி என்று இரண்டு பெண்கள். தாவரத்திலிருந்து ஒரு விஞ்ஞானி உருவாக்கியவர்கள். பார்வைக்கும் பேச்சுக்கும் மனிதப் பெண்கள்தாம். பசி முற்றியபோது, கூட வந்த செய்தியாளன் ஒருவன் மோமிஜியைத் தின்றுவிடுகிறான். சிறுவர்களுக்காக மலிவாக அச்சிட்ட புத்தகத்தில் இப்படி ஒரு சம்பவம். அவன் செய்தது கொலையா, இல்லை கீரை பறித்துத் தின்றதா? இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. மோமிஜியின் உள்ளே என்ன இருந்தது என்று ஆராயலாம். அல்லது தின்றவன் என்ன செய்தான் என்று பார்க்கலாம். மேற்கிலிருந்து எடுத்த அறிவியல் புனைவுக் கருக்களை ஜப்பானியச் சித்திரக்கதையான மங்கா தன்வயமாக்கியபோது, முதல் வழியை மெல்ல விட்டு இரண்டாம் வழிக்கு வந்தது. இது வெறும் ரசனை மாற்றமோ பண்பாட்டு வேறுபாடோ ஆகாது. தத்துவரீதியாகவே இரண்டாவது கேள்வி மேலானது. அந்தக் கதைகள் இத்தனை நாடுகளில் வேர்பிடித்ததற்கும் அதுவே பெரிய காரணம்.

முதல் கேள்விக்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. 1637இல் தேக்கார்ட் விலங்குகளை எந்திரங்களோடு ஒரே வரிசையில் நிறுத்தினார். மனிதனைப் போலவே செய்த ஓர் எந்திரத்தை எப்படி இனம் காண்பது என்பதற்கு இரண்டு சோதனைகளையும் சொன்னார். கேட்டதற்குப் பொருத்தமாக அதனால் பேச முடியாது. சில வேலைகளை நம்மைவிட நன்றாகச் செய்தாலும் எல்லாச் சூழலுக்கும் ஈடுகொடுக்க முடியாது. 1950இல் ஆலன் டூரிங் எந்திரம் சிந்திக்குமா என்று ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், வரக்கூடிய மறுப்புகளில் முதலாவதாக எடுத்துக்கொண்டது இறையியல் மறுப்பைத்தான். சிந்தனை என்பது அழியாத ஆன்மாவின் தொழில், ஆன்மாவைக் கடவுள் மனிதருக்கு மட்டுமே அளித்தார், ஆகவே எந்திரம் சிந்திக்காது என்பது அந்த மறுப்பு. டூரிங்குக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அதே களத்தில் நின்று பதில் சொன்னார்: சர்வவல்லமை உள்ளவர் என்று சொல்லிவிட்டு, எந்திரத்துக்கு மட்டும் ஆன்மா தரமுடியாது என்று அவர் கையைக் கட்டுவானேன்? பிள்ளை பெறும்போதும் ஆன்மாவை நாமா படைக்கிறோம், அது வந்து குடியிருக்க இடம்தானே அமைத்துத் தருகிறோம்? சாதுரியமான பதில். என்றாலும் விவாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உள்ளே ஆன்மா இருக்கிறதா, இல்லையா என்பதே அங்கும் கேள்வி.

1927 ஜனவரியில் பெர்லினில் வெளியான ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ இந்தக் கேள்வியின் மிகப் பிரம்மாண்டமான திரை வடிவம். படம் முழுக்கக் கிறித்தவப் படிமங்கள்: பாபேல் கோபுரம், தேவாலயத்தில் உயிர்பெற்று நகரும் ஏழு பெரும்பாவங்களின் சிலைகள், பாபிலோனிய வேசியின் கோலத்தில் ஆடும் எந்திரப் பெண். ரோட்வாங் என்ற விஞ்ஞானி, தொழிலாளர்கள் மதிக்கும் மரியாவின் உருவத்தை ஓர் எந்திரத்துக்குத் தருகிறான். அது அவர்களைக் கலகத்துக்குத் தூண்டி நாசத்துக்கு இட்டுச் செல்கிறது. கடைசியில் கூட்டம் அதைப் பிடித்துக் கம்பத்தில் கட்டி எரிக்கிறது. மனிதத் தோற்றம் நெருப்பில் மறைய, அடியிலிருந்த உலோகம் வெளிப்படுகிறது. கூட்டம் திகைத்து நிற்கிறது. கதை எதிர்பார்த்திருந்த கணம் அது. உள்ளே இருப்பது என்ன என்பது தெரிந்துவிட்டதால், எரித்தவர்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

தெசூகா 1949இல் ‘மெட்ரோபோலிஸ்’ என்ற தலைப்பிலேயே ஒரு மங்கா வெளியிட்டார். லாங்கின் படத்தை அவர் பார்த்ததில்லை. ஒரு பத்திரிகையில் வந்திருந்த எந்திரப் பெண்ணின் ஒற்றைப் புகைப்படம்தான் தனக்குத் தெரிந்தது என்று பின்னாளில் சொன்னார். இதைத் தழுவல் என்று அழைக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாக அழைக்கலாம். ஒரு படிமம் எல்லை தாண்டும்போது அதன் கதைச்சுருக்கம் கூடவே வந்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. தெசூகாவின் கதையில் ட்யூக் ரெட் என்ற சதிகாரக் கும்பல் தலைவனின் கட்டளைப்படி லாட்டன் என்ற விஞ்ஞானி செயற்கை உயிரணுக்களால் மிச்சி என்ற குழந்தையை உண்டாக்குகிறார். அது ஆணாகவும் மாறும், பெண்ணாகவும் மாறும், பறக்கவும் செய்யும். தான் யார் என்று அதற்கே தெரியாது. தன் பெற்றோரைத் தேடி அலைகிறது. தனக்குப் பெற்றோரே கிடையாது, தான் செய்யப்பட்ட பொருள் என்று தெரியவரும்போது எந்திரங்களைத் திரட்டிக்கொண்டு மனிதர்கள்மேல் பாய்கிறது. இறுதியில் அதன் உயிரணுக்களைத் தாங்கிய கதிர்வீச்சு நின்றுபோக, மிச்சி உருகி அழிகிறது. லாங்கின் படத்தில் நெருப்பு ஓர் உண்மையை வெளிக்காட்டுகிறது. இங்கே உருகிப்போவதில் வெளிப்பட எதுவும் பாக்கியில்லை. மிச்சி யார் என்பது வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். எஞ்சுவது ஒரு சாவு, அதற்குக் காரணமானவர்கள் யார் என்ற விசாரணை. கதையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு விஞ்ஞானி எழுப்பும் ஐயம் மனிதரைப் பற்றியதுதான்: மிதமிஞ்சி வளர்ந்த அறிவியலைக் கொண்டு மனிதர் என்றாவது தம்மையே அழித்துக்கொள்வார்களோ?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மேற்கத்திய எழுத்தில் படைக்கப்பட்ட உயிர்மேல் இரக்கமே இல்லையா? நிறைய உண்டு. காரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகம் 1921இல் பிராகில் மேடையேறி, 1924இலேயே டோக்கியோவின் த்ஸுகிஜி சிற்றரங்குக்கு வந்தது. அதன் முடிவில் ப்ரைமஸ், ஹெலனா என்ற இரண்டு செயற்கை மனிதர்கள் ஒருவருக்காக ஒருவர் சாக முன்வருகிறார்கள். எஞ்சியிருக்கும் ஒரே மனிதன் அவர்களைப் புதிய ஆதாம் ஏவாளாகக் கண்டு வாழ்த்தி அனுப்புகிறான். ஐசக் அசிமோவின் ‘தி பைசென்டென்னியல் மேன்’ 1976இல் வந்தது. அதன் நாயகனான ரோபோ மனிதனாக ஏற்கப்பட வேண்டும் என்று இருநூறு ஆண்டுகள் போராடுகிறது. பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவலில், தப்பியோடிய செயற்கை மனிதர்களை அடையாளம் காண இரக்க உணர்வையே அளக்கும் ஒரு சோதனை வைக்கிறார்கள். ஆனால் இந்த மூன்றிலும் இரக்கம் எப்படிக் கிடைக்கிறது என்று கவனிக்க வேண்டும். தேர்வில் வென்றால் கிடைக்கிறது. சாப்பெக்கின் இருவர் தியாகத்தைக் காட்டித் தேறுகிறார்கள். அசிமோவின் ரோபோ தன்னைச் சாகக்கூடியவனாக மாற்றிக்கொண்ட பிறகே மனிதன் என்ற பட்டத்தைப் பெறுகிறது, அதுவும் மரணப் படுக்கையில். தேர்வு எழுதுவது எப்போதும் படைக்கப்பட்டது. வினாத்தாள் எப்போதும் மனிதர் கையில்.

இதற்கு உண்மையான விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, அதுவும் இந்த மரபின் மூலநூலிலேயே. மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ 1818இல் வந்தது. அதில் படைக்கப்பட்டவன் தனக்கு ஆன்மா உண்டு என்று நிரூபிக்க மெனக்கெடுவதில்லை. தன்னை உண்டாக்கியவனைப் பனிமலையில் நேருக்கு நேர் மறித்து, உண்டாக்கிவிட்டுக் கைவிட்டாயே, எனக்கு நீ செய்யவேண்டிய கடமை என்ன என்று கேட்கிறான். தெசூகா கேட்ட கேள்வி நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஆனால் மேற்கே அந்தக் கேள்விக்கு என்ன ஆயிற்று? 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய ஹாலிவுட் படம் அந்தப் பிறவியின் பேச்சைப் பறித்தது. அதன் தலைக்குள் ஒரு குற்றவாளியின் மூளையை வைத்து, அது செய்யும் கொடுமைக்கு உள்ளே இருக்கும் பொருளையே காரணமாக்கியது. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த உருவத்தைத்தான். ஆக, கிழக்கு, மேற்கு என்று கோடு கிழிப்பது பயன்படாது. ஒரே கதையின் இரண்டு வாரிசுகளில் ஒன்று மூலத்தின் கேள்வியைத் தொலைத்தது, இன்னொன்று தெரிந்தோ தெரியாமலோ அதை மீட்டது.

மீட்டதன் முழு வீச்சு ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று உலகம் அறிந்த தொடரில் தெரிகிறது. ‘ஷோனென்’ இதழில் 1952 முதல் 1968 வரை வந்தது. மகன் தோபியோவைக் கார் விபத்தில் இழந்த தென்மா என்ற விஞ்ஞானி, அவன் சாயலில் ஆஸ்ட்ரோ பாய் என்ற ரோபோவைச் செய்கிறார். அது வளரவில்லை என்று கண்டதும் வெறுத்து, சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். 1942இல் அசிமோவ் வகுத்த மூன்று விதிகள் இந்தத் துறையில் வேதம் போல ஓதப்படுகின்றன: மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, கட்டளைக்குப் பணி, இவற்றுக்கு இடையூறின்றி உன்னைக் காத்துக்கொள். தெசூகாவும் தன் கதையுலகில் ரோபோக்களுக்கு ஒரு சட்டம் எழுதினார். மனிதரைக் கொல்லாதே, அவர்களுக்கு நன்மை செய் என்பன அதிலும் இருக்கின்றன. கூடவே அசிமோவுக்குத் தோன்றாத ஒரு பிரிவு: ரோபோ தன்னைச் செய்தவரை அப்பா என்றே அழைக்க வேண்டும். படித்தால் முதலில் சிரிப்பு வரும். தென்மாவை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும். பிள்ளைக்குத்தான் சட்டம், விற்றுவிட்டுப் போன அப்பாவை எந்தப் பிரிவும் தொடவில்லை. பொறியியல் பாதுகாப்பு விதியாக இருந்த ஒன்றை உறவின் மொழிக்கு மாற்றியதும், அந்த விதியின் அநியாயம் எவர் கண்ணுக்கும் தெரிகிறது. அசிமோவின் விதிகளைப் படித்துவிட்டு, இவற்றை எழுதியவர்களுக்கு ஏதும் விதி உண்டா என்று கேட்கச் சட்டென்று யாருக்கும் தோன்றாது.

இதற்கெல்லாம் ஆயத்தமாக ஒரு விளக்கம் காத்திருக்கிறது: ஜப்பானியர் ஷிந்தோ மரபினர், கல்லிலும் மரத்திலும் கூடத் தெய்வத்தைக் காண்பவர்கள், அதனால் ரோபோவிலும் உயிரைக் காண்கிறார்கள். ஆதாரமும் கைவசம் இருக்கும். சிபா மாவட்டத்தின் இசுமி ஊரிலுள்ள ஒரு பௌத்தக் கோவிலில், பழுதாகிப்போன சோனி ‘ஐபோ’ எந்திர நாய்களுக்கு 2015 முதல் இறுதிச் சடங்குகள் நடந்தன. உடைந்த தையல் ஊசிகளுக்குக்கூட ஆண்டுக்கொரு முறை வழிபாடு செய்யும் நாடு அது. 2019இல் கியோட்டோவின் கோதாய்ஜி கோவில் ‘மிண்டார்’ என்ற எந்திர உருவைக் கண்ணோன் போதிசத்துவராக நிறுத்திப் பிரக்ஞாபாரமிதை இருதய சூத்திரத்தைப் பற்றி உபதேசம் செய்யவைத்தது. எல்லாம் உண்மை. ஆனால் இவை நிரூபிப்பதாகச் சொல்லப்படுவதை நிரூபிக்கவில்லை. தெசூகாவின் ஜப்பானில் ரோபோக்களை யாரும் கும்பிடுவதில்லை. அடிக்கிறார்கள், விற்கிறார்கள், அவற்றின் உரிமையை மறுக்கிறார்கள். எல்லாப் பொருளும் புனிதம் என்று வாசகர்கள் ஏற்கெனவே நம்பியிருந்தால் இந்தக் கதைகளுக்கு அவசியமே இருந்திராது. தெசூகாவின் வாழ்விலேயே வேறு காரணங்கள் தெளிவாக இருக்கின்றன. 1945 ஜூனில் ஒசாகா மேல் குண்டுகள் விழுந்தபோது அங்கே ஆயுதத் தொழிற்சாலை வேலையில் இருந்த பதினாறு வயதுப் பையன் அவர். பிறகு ஆக்கிரமிப்புக் காலத்தில், மொழி புரியாத அமெரிக்கச் சிப்பாய் ஒருவரிடம் அடிவாங்கியதைத் தன் ரோபோக் கதைகளின் விதைகளில் ஒன்றாக அவரே சொல்லியிருக்கிறார். 1951இல் ஆஸ்ட்ரோ பாய் முதன்முதலாகத் தோன்றிய கதையில் அவனுக்குத் தரப்பட்ட வேலை, சண்டைக்கு நிற்கும் இரு கூட்டங்களுக்கு இடையே தூது போவது.

இன்னும் வலுவான எதிர்ச்சான்று வாசகர்களிடமிருந்தே வருகிறது. 1963 செப்டம்பரில் ‘ஆஸ்ட்ரோ பாய்’ கார்ட்டூன் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போனது. விநியோகித்த என்பிசி நிறுவனம் சில அத்தியாயங்களை ஏற்கவில்லை; அவற்றுள் ஒன்று கிறிஸ்து சிலையின் கண்ணை மையமாகக் கொண்ட கதை. சமயச் சின்னம் அவர்களுக்கு உறுத்தியது. தகப்பன் கைவிட்ட எந்திரப் பிள்ளையின் துயரத்தில் மொழிபெயர்க்கவோ விளக்கவோ வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அமெரிக்கப் பிள்ளைகளும் அவனுக்காகக் கவலைப்பட்டார்கள். ஷிந்தோவைக் கனவிலும் அறியாத தமிழ் வாசகர்கள் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற எந்திர நாயிடம் மனதைப் பறிகொடுத்தார்கள். ஆன்மா பற்றிக் கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் சைவருக்கும் பௌத்தருக்கும் ஒத்த கருத்து வராது, வரவும் வேண்டாம். கைவிடப்படுவது துயரம் என்பதில் அவர்களுக்குள் தகராறு இல்லை. கதை எல்லை தாண்டுவது இந்த வழியாகத்தான்.

ஷிந்தோவை விலக்கிவிட்டால் சமயத்துக்கு இங்கே இடமே இல்லையா? இருக்கிறது, பௌத்தத்தின் ஒரு பழைய வாதம் வழியாக. மிலிந்த மன்னனுக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்த உரையாடலில் நாகசேனர் மன்னன் ஏறிவந்த தேரைக் காட்டிக் கேட்கிறார்: சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, இவையெல்லாம் சேர்ந்த இடத்தில் தேர் என்று ஒரு பெயர் வழங்குகிறது. அதே போல உருவும் நுகர்ச்சியும் மற்றக் கந்தங்களும் சேர்ந்த இடத்தில் நாகசேனன் என்று ஒரு பெயர், உள்ளே தனியாக ஒருவர் இல்லை. ‘மணிமேகலை’யின் முடிவில் காஞ்சியில் அறவண அடிகள் சார்பின் தோற்றத்தை உபதேசிக்கும் பகுதியைப் படித்தவர்களுக்கு இந்தத் திசை பழகியதுதான். தேக்கார்ட் எந்திரத்தைத் தள்ளிவைத்து மனிதனை உயர்த்தினார். நாகசேனர் மனிதனை விளக்கவே ஓர் எந்திரத்தைத் துணைக்கு அழைத்தார். மனித ரோபோக்கள் ஏற்படுத்தும் ஒவ்வாமை பற்றி 1970இல் எழுதிப் பேர்பெற்ற பொறியாளர் மசாஹிரோ மோரி, 1974இல் பௌத்த அறிமுக நூல் ஒன்றை எழுதி ரோபோவுக்கும் புத்தத் தன்மை உண்டு என்று வாதிட்டார். நான் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை. தேர் வாதம் மனிதனைத் தேரின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறதே ஒழிய, தேரை மனிதனின் மட்டத்துக்கு ஏற்றுவதில்லை. நுகர்ச்சி இல்லாத தேருக்கு வலி கிடையாது. ஆனால் அந்த வாதம் ஒரு காரியத்தைச் செய்துமுடிக்கிறது: ஆன்மா வைத்திருப்பதே மரியாதைக்குத் தகுதி என்ற அளவுகோலை இரண்டு தரப்பிலிருந்தும் எடுத்துவிடுகிறது. உன்னிடம் உள்ளதை அதனிடம் காட்டு என்று கேட்கும் உரிமை, தன்னிடமே அதைக் காட்டமுடியாத ஒருவனுக்குக் கிடையாது.

இந்தச் சிந்தனையைத் தெசூகா மிகத் துணிச்சலாக வரைந்து பார்த்தது ‘ஃபீனிக்ஸ்’ வரிசையில் 1970, 71 ஆண்டுகளில் வந்த உயிர்த்தெழுதல் கதையில். விபத்தில் இறந்த லியோனா என்ற இளைஞனைச் செயற்கை மூளை பொருத்தி எழுப்புகிறார்கள். கண்விழித்தவனுக்கு மனிதர்கள் உருவமற்ற பிண்டங்களாகத் தெரிகிறார்கள். சிஹிரோ என்ற தகர ரோபோ மட்டும் அழகிய பெண்ணாகத் தெரிகிறாள். மற்றவர் கண்ணுக்கு அவள் ஒரு தொழிற்சாலைக் கருவி. அவளையே நேசித்து, கடைசியில் தன் மனத்தையும் அவளுடையதையும் ஒன்றாக்கும்படி கேட்கிறான். அப்படிப் பிறப்பது ரோபிட்டா, பார்த்தால் யாருக்கும் அழகென்று தோன்றாத வீட்டு வேலைக்கார ரோபோ. நூற்றாண்டுகள் கழித்து, ஒரு குழந்தையின் சாவுக்கு ஒரு ரோபிட்டாவைப் பொறுப்பாக்கித் தண்டிக்கிறார்கள். ரோபிட்டாக்கள் எல்லாம் கூட்டமாகக் கிளம்பி உலையில் இறங்கிவிடுகின்றன. வேலைக்காரர்களை இழந்த மனிதர்கள் திகைக்கிறார்கள். அந்த ஊர்வலத்தை வரைந்த கை எதையும் நிரூபிக்க முயலவில்லை. ரோபிட்டாவின் உள்ளே ஒரு மனித நினைவு கலந்திருக்கிறது என்பது வாசகருக்கு மட்டும் தெரிந்த ரகசியம், கதையிலுள்ளவர்களுக்குத் தெரியாது. தெரியாத நிலையில் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே அவர்கள்மேல் எழும் வழக்கு. மோமிஜி வழக்கும் இதே போலத்தான் தீர வேண்டும். அவள் பேசினாள், கூடவே பயணம் செய்தாள். அதைத் தெரிந்துகொண்டே தின்றவன், தாவரம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிய முடியாது. பௌத்தம் வினையின் எடையை நோக்கத்தில் வைக்கிறது. அந்த நோக்கத்தை அறிய மோமிஜியை அறுத்துப் பார்க்கத் தேவையில்லை.

இங்கே மிகக் கடுமையான மறுப்பு வருகிறது, அதை லேசாகக் கடந்துபோக முடியாது. சித்திரக்கதையில் நாம் காண்பது எந்திரத்தை அல்ல, ஒரு கலைஞன் வரைந்த பெரிய கண்களை. அதில் நீர் கோத்தால் நமக்குத் தொண்டை அடைக்கிறது. இதைக்கொண்டு உண்மையான எந்திரங்களைப் பற்றி என்ன முடிவுக்கு வரமுடியும்? மரப்பாவைக்குக் கயிறு கட்டி உயிருள்ளதுபோல ஆட்டும் வித்தையை வள்ளுவரே அறிந்திருந்தார். இன்று அந்தக் கயிறு கணினி நிரலாகியிருக்கிறது. தனக்கு வலிக்கிறது என்று ஓர் உரையாடல் நிரல் சொன்னால் நம்பிவிடுவதா? சோதனையே வேண்டாம் என்றால் ஏமாறுவதற்குக் கதவைத் திறந்துவைத்ததாகாதா? மேலும், ரோபோமேல் இரக்கம் மனிதர்மேல் இரக்கமாகத் தானாக மாறுவதும் இல்லை. ஜப்பானில் வெளிநாட்டவரைக் குடியேற்றுவதைவிட ரோபோக்களை வீட்டுக்குள் வரவேற்கும் மனப்போக்கு அரசின் திட்டங்களிலேயே தெரிகிறது என்று மானிடவியலாளர் ஜெனிஃபர் ராபர்ட்ஸன் காட்டியிருக்கிறார். எந்திரத்துக்குக் கண்ணீர், பக்கத்து நாட்டுக்காரருக்குத் தாழ்ப்பாள்.

இந்த மறுப்பின் பாதியை அப்படியே ஏற்கிறேன். வரைந்த கண்ணீர் எந்த எந்திரத்துக்கும் சாட்சி சொல்லாது. உணர்வு உண்டா என்பது அறிவியல் ஆராயவேண்டிய தனி விஷயம், அதற்குச் சோதனைகள் வேண்டும்தான். ஆனால் நல்ல மங்கா இந்தச் சந்தேகத்தைத் தானே கையிலெடுக்கிறது. ஆஸ்ட்ரோ பாய் தொடரில் தெசூகா 1964, 65இல் எழுதிய ‘பூமியின் மகா ரோபோ’ கதையை நவோகி உராசாவா 2003 முதல் 2009 வரை ‘புளூட்டோ’ என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளாக விரித்து எழுதினார். 2023இல் அது நெட்ஃப்ளிக்ஸ் தொடராகவும் வந்தது. அதில் கொல்லப்பட்ட ரோபோ துப்பறிவாளரின் மனைவி ஹெலனாவும் ரோபோதான்; சாப்பெக்கின் நாடகத்திலிருந்த அதே பெயர். கணவனை இழந்தவளுக்கு அழத் தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் அழுவார்கள், பாவனையாகவாவது அழுதுபார் என்கிறார் தென்மா. அவள் அழுகையை நடிக்கத் தொடங்குகிறாள். நடிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எந்தக் கட்டத்திலும் வாசகரால் விரல் வைத்துக் காட்டமுடியாது. உராசாவா வேண்டுமென்றே அந்தக் கோட்டை வரையாமல் விட்டிருக்கிறார். சாவு வீட்டில் முதலில் முறைக்காக ஒப்பாரியில் சேர்ந்து, பிறகு நிஜமாகவே உடைந்துபோன மனிதர்களுக்கும் அந்தக் கோடு தெரியாது.

அதே நூலில் இன்னொரு கருத்து இதைவிட ஆழமானது. தென்மா, கோடிக்கணக்கான மனித ஆளுமைகளை உள்ளடக்கிய ஒரு பூரண ரோபோவைச் செய்கிறார். அது விழிக்கவே இல்லை. எல்லாச் சாத்தியங்களையும் சமமாக எடைபோட்டுக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு விழிக்கக் காரணம் கிடையாது. விழிக்க வேண்டுமானால் கோபம், துக்கம், வெறுப்பு என்று ஏதாவது ஒரு பக்கம் அது சாய்ந்தாக வேண்டும். அசைவற்றுக் கிடக்கும் ஆஸ்ட்ரோ பாய்க்கு, இறந்த துப்பறிவாளரின் கடைசி நினைவைப் பொருத்தித்தான் அவர் எழுப்புகிறார். மேலிருந்து ஊதப்படும் உயிர்மூச்சு இங்கே இல்லை. இன்னொருவர் பட்ட துயரம் கைமாறுகிறது. துக்கத்தை முதல் உண்மையாக வைத்த ஒரு சமயத்தின் சாயல் இதில் படிந்திருப்பதைப் பௌத்தம் படிக்காதவரும் உணரலாம். அதே சமயம் இது மிக ஆபத்தான வேலை என்பதையும் கதை மறைக்கவில்லை. வெறுப்பை ஊட்டி எழுப்பப்பட்டது என்ன செய்யும் என்று தென்மாவுக்கும் தெரியாது, தெரியாமலேதான் செய்கிறார்.

மறுப்பின் மற்றப் பாதியை ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான். ஏமாற்றப்படும் அபாயம் உண்மை என்றால், ஏமாற்றுகிறவர் யார் என்பதல்லவா அடுத்த கேள்வி? பாவைக்கு ஆன்மா உண்டா என்று பண்டிதர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்வரை கயிற்றைப் பிடித்திருப்பவன் பக்கம் யாரும் திரும்புவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி செய்தவர்களுக்கு மிகவும் வசதியான கேள்வி. உணர்வு இல்லை என்று முடிவானால் அவர்கள் செய்தது வெறும் சரக்கு. உண்டு என்று முடிவானால் அவர்கள் மேதைகள். இரண்டிலும் நஷ்டம் இல்லை. தெசூகாவின் கேள்வியில் அந்தத் தப்பிக்கும் வழி அடைபடுகிறது. துயரப்படும் ஒன்றைச் செய்தீர்களா, அப்படியானால் அதற்கு நீங்கள் பொறுப்பு. துயரப்படாத ஒன்றைத் துயரப்படுவதுபோலக் கெஞ்ச வைத்து, தனிமையில் இருப்பவர்களிடம் விற்றீர்களா, அதற்கும் நீங்களே பொறுப்பு. விடை தெரியாமலே செய்தீர்களா, அப்போது பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

தெசூகா 1989 பிப்ரவரியில் இறந்தார். அறிவியலுக்குக் கொடி பிடிக்கும் கதையாகவே ஆஸ்ட்ரோ பாயை உலகம் வாசித்தது என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதை எழுதியும் வைத்தார். கதைப்படி அந்த ரோபோ பிறந்த நாள் 2003 ஏப்ரல் 7. அந்த ஆண்டு சைதாமா மாவட்டத்தின் நீசா நகராட்சி அவனைத் தன் ஊர்க் குடிமகனாகப் பதிவு செய்து விழா எடுத்தது. ரோபோவுக்குக் குடியுரிமை தர ஓர் ஊர் முன்வந்துவிட்டது. செய்து விற்ற தகப்பனை விசாரிக்கும் சட்டம் எந்த ஊரிலும் இன்னும் சரியாக எழுதப்படவில்லை. பேசும் எந்திரங்கள் தமிழ் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்ட இந்தக் காலத்தில், உனக்கு மனம் உண்டா என்று எந்திரத்திடம் கேட்பதை நிறுத்திவிட்டு, அதை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று செய்தவர்களிடம் கேளுங்கள்.